ராணுவச் செவிலியர் அதிகாரி: பயிற்சியும் பட்டப்படிப்பும்

இந்தியப் படைகளின் மருத்துவமனைகளில் லெப்டினன்ட் முதல் மேஜர் ஜெனரல் வரையிலான பதவிகளில் இருந்து நோயாளிகளைக் கவனிப்பவர் ராணுவச் செவிலியர் அதிகாரி. மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் என்று வழங்கும் இந்தப் பிரிவில் சேர இன்று இரண்டு வாசல்கள் உள்ளன. பிளஸ் டூ முடித்த பெண் படையின் நர்சிங் கல்லூரியில் நான்காண்டு படித்து, பல்கலைக்கழகப் பட்டத்தையும் தோள் நட்சத்திரத்தையும் ஒருசேரப் பெறுவது ஒன்று. வெளியே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டுத் தேர்வெழுதி நேரே லெப்டினன்டாக நுழைவது மற்றொன்று.

இந்தக் கல்வியின் வரலாறு சற்றுத் தலைகீழானது. பொதுவாகப் பட்டம் முதலில் வரும், பதவி பின்னால் வரும். இந்திய ராணுவச் செவிலியருக்கு அதிகாரிப் பதவி 1943-இல் கிடைத்தது. படைக்கென்று ஒரு பட்டப்படிப்பு அமைய 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டும் கைக்கு வந்த பிறகும் மற்ற அதிகாரிகளோடு சமநிலை எவ்வளவு என்பது நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கிறது.

கோட்டை ஆஸ்பத்திரி

தொடக்கம் சென்னையில்தான். 1664 நவம்பரில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜென்ட் எட்வர்ட் வின்டர் கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஒரு சிறு மருத்துவமனையைத் திறந்தார். அது இடம் மாறி மாறி, 1772-இல் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிலைகொண்டது. வடசென்னைக்காரர்கள் ‘ஜி.எச்.’ என்று சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அதுவே. மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு வந்து சாலையைக் கடக்கும் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் போவது ஒரு பழைய ராணுவ ஆஸ்பத்திரி என்று தெரியும்?

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லை. படுக்கையில் கிடந்த சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுப்பது, கட்டுப் பிரிப்பது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் ரெஜிமென்டிலிருந்து அனுப்பப்பட்ட இன்னொரு சிப்பாயின் வேலை. போருக்கு லாயக்கில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவரே பெரும்பாலும் அங்கே வந்தார்.

இதன் விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். இந்தியாவுக்கு அவர் ஒருமுறையும் வந்ததில்லை. இந்தியாவிலிருந்த படையின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையத்துக்காக, கண்டோன்மென்டுகளிலிருந்து வந்த விவரப் படிவங்களை லண்டனில் உட்கார்ந்து அலசினார். 1863-இல் வெளியான அறிக்கை, இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் சாவதாகச் சொன்னது. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் எதிரியின் குண்டு இல்லை. காலராவும் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும்தான். கழிவுநீர், குடிநீர், நெரிசலான பாரக்ஸ் ஆகியவற்றைச் சரிசெய்யச் சொன்ன அந்த அறிக்கைக்குப் பிறகுதான், பயிற்சி பெற்ற நர்ஸ் என்பவர் அரசின் கண்ணில் ஒரு தேவையாகத் தெரியத் தொடங்கினார்.

1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சியையே இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளியாக நர்சிங் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அது பேறுகாலப் பணியை மையமாகக் கொண்ட குறுகிய பயிற்சி. படைக்கு ஆள் தருவது அதன் நோக்கம் இல்லை.

பத்துப் பேர்

1888 மார்ச் 28 அன்று பத்து ஆங்கிலேயச் செவிலியர் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினர். இந்திய ராணுவச் செவிலியத்தின் வரலாற்றை எல்லோரும் இந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த கேத்தரின் கிரேஸ் லாக் லண்டன் செயின்ட் பார்த்தலமியூ மருத்துவமனையில் பணியாற்றியவர். அவரோடு ஒரு குழு ராவல்பிண்டிக்குச் சென்றது. இன்னொரு குழு பெங்களூருக்கு வந்தது.

இவர்களை வரவழைத்ததில் அன்றைய தலைமைத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸுக்கும் அவர் மனைவி நோரா ராபர்ட்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு. ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர். நோரா, செவிலியர் ஓய்வெடுக்க மலைப்பகுதிகளில் இல்லங்கள் அமைப்பதற்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். சம்பளம் அரசு கொடுத்தது. ஓய்வில்லம் நன்கொடையில் வந்தது. படைச் செவிலியரை ஒரு காலும் அரசுக்குள், ஒரு காலும் தர்மகாரியத்துக்குள் நிறுத்திய இந்த ஏற்பாட்டின் சாயல் வெகுகாலம் போகவில்லை என்றே தோன்றுகிறது.

லாக் செய்த வேலையில் நோயாளியைப் பார்ப்பது பாதி. மீதி, வார்டில் வேலை செய்த ஆண் ஆர்டர்லிகளுக்குக் கற்றுக்கொடுப்பது: வெப்பமானி பார்ப்பது, புண்ணைச் சுத்தமாக வைப்பது, டைபாய்டு நோயாளிக்கு எதை எப்போது ஊட்டுவது. ராணுவ ஆஸ்பத்திரியில் செவிலியர் அதிகாரி மேற்பார்க்க, நர்சிங் உதவியாளர் கைவேலை செய்யும் இன்றைய அமைப்பின் வேர் இங்கே இருக்கிறது. அந்த உதவியாளர் ராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்த ஆண். அந்த அதிகாரி பெண்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சகோதரிகள் கவனித்தது பிரிட்டிஷ் சிப்பாய்களை மட்டும். இந்தியச் சிப்பாய்க்கு அவனுடைய ரெஜிமென்டின் சிறு ஆஸ்பத்திரியே கதி. அங்கே நர்ஸ் கிடையாது, சாப்பாட்டையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். தரமான மருத்துவமனை இந்தியச் சிப்பாய்க்கு வந்தது முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-இல்தான். பத்துப் பேர் வந்து இறங்கி முப்பது ஆண்டு கழித்து.

துறைமுகத்துக்கு வந்த போர்

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. வடசென்னையில் ‘எம்டன்’ என்ற சொல் இன்றும் பயமுறுத்தும் ஆளைக் குறிக்கிறது. அதே துறைமுக நகரம் அந்தப் போருக்கு ஒரு மருத்துவக் கப்பலையும் அனுப்பியது என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. ஆளுநர் பென்ட்லண்ட் காலத்தில் திரட்டப்பட்ட சென்னைப் போர் நிதியில் ஒரு பயணிகள் கப்பல் மருத்துவமனையாக மாற்றப்பட்டு, ‘மெட்ராஸ்’ என்று பெயர் பெற்றது. மெசபடோமியாவில் காயம்பட்டவர்களையும் நோயுற்றவர்களையும் அது ஏற்றி வந்தது. அதன் மருத்துவப் பொறுப்பு லெப்டினன்ட் கர்னல் கிஃபார்டிடம் இருந்தது.

மெசபடோமியா இந்திய ராணுவ மருத்துவத் துறைக்கு ஏற்பட்ட பெரிய அவமானம். காயம்பட்டவர்கள் திறந்த படகுகளில் நாட்கணக்கில் கிடந்ததைப் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. போதிய செவிலியர் இல்லாமையும் குறைகளில் ஒன்று. போர்க் காலத்தில் இந்தியாவிலேயே தற்காலிகமாகச் செவிலியர்களைச் சேர்த்தார்கள். போர் முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பழையபடி இருக்க முடியவில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனைகள் வந்துவிட்டன, அங்கே ஆள் வேண்டியிருந்தது.

1926 அக்டோபர் 1 அன்று இந்திய ராணுவச் செவிலியர் சேவை நிரந்தரப் பிரிவாக நிறுவப்பட்டது. இன்றும் அக்டோபர் 1-ஐத்தான் இப்பிரிவு தன் உதய நாளாகக் கொண்டாடுகிறது. அதே 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றி, நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலை அமைத்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் படையிலும் மாகாணத்திலும் ஒரே ஆண்டில் நர்ஸ் என்பவர் யார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறை வந்தது கவனிக்கத்தக்கது.

1943: அவசரச் சட்டம்

இரண்டாம் உலகப் போர் எல்லாக் கணக்கையும் உடைத்தது. 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன; சென்னை பாதி காலியானது. பர்மா எல்லையில் மலேரியாவும் போரும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பின. துணைச் செவிலியர் சேவை என்ற பெயரில் குறுகிய காலப் பயிற்சி கொடுத்துப் பெண்களைச் சேர்த்தார்கள்.

நாட்டிலோ எடுத்துக்கொள்ள நர்ஸ்களே இல்லை. ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைந்து 1946-இல் அறிக்கை தந்த சுகாதாரக் குழு, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருப்பதாகக் கணக்கிட்டது. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒருவர். இத்தனை வறட்சியில் படைக்கு ஆள் சேர்க்க வேண்டுமானால் வேலைக்கு மரியாதை வேண்டும் என்பதை அரசு உணர்ந்தது.

இந்திய ராணுவச் செவிலியர் சேவை அவசரச் சட்டம் 1943-இல் பிறந்தது. அதன்படி இப்பிரிவு இந்தியப் படைகளின் துணைப்படையானது. அதன் செவிலியர் கமிஷன் பெற்ற அதிகாரிகளானார்கள். பிரிட்டன் தன் படைச் செவிலியருக்குக் கமிஷன் கொடுத்தது 1941-இல். அமெரிக்காவில் நிரந்தரக் கமிஷன் 1947-இல் வந்தது. ஆக, காலனி நாடாக இருந்தும் இந்தியா இதில் பின்தங்கவில்லை.

அவசரச் சட்டம் என்றால் ஆறு மாதத்தில் காலாவதியாக வேண்டுமே, இது எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்ற கேள்வி சட்டம் படித்தவர்களுக்கு எழும். 1940 ஜூன் முதல் 1946 ஏப்ரல் வரை பிறப்பித்த அவசரச் சட்டங்களுக்கு அந்தக் கெடு இல்லை என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1940-இல் ஒரு திருத்தம் செய்திருந்தது. போர்க்காலத்தில் அவசரமாக எழுதிய சில பக்கங்களே சுதந்திரத்துக்குப் பின்னும் ஒரு முழுப் பிரிவின் சட்ட அடித்தளமாக நின்றன. அதிலிருந்த ‘துணைப்படை’ என்ற சொல் பிற்காலத்தில் எத்தனை வழக்குகளுக்கு வித்திடும் என்பதை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கமிஷன் என்பது வெறும் மரியாதை இல்லை. 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற துருப்புக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மாலத்தீவு அருகே மூழ்கடித்தது. இறந்தவர்களில் 77 பேர் பெண்கள், பெரும்பாலோர் படைச் செவிலியர். போர்க்களத்துக்கு வெகுதூரத்தில் வார்டில் நிற்பவர் என்ற எண்ணத்தை அந்த ஒரு கப்பல் பொய்யாக்கியது.

பல்கலைக்கழகம் நுழைந்த விதம்

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறுவது இந்தியாவுக்குப் புதிதில்லை. 1920-இல் வந்த இந்திய டெரிடோரியல் படைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழகப் பயிற்சிப் படைகள் அமைந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று இருந்தது. 1942-இல் இவை பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படை என்று பெயர் மாறின. 1948-இல் என்.சி.சி. இவற்றின் இடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவும் வந்தது. ஆனால் இந்தப் பாதை அணிவகுப்பு மைதானத்தோடு நின்றது. நர்சிங் படித்த பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே ஏற்படவில்லை. அவள் பல்கலைக்கழக மாணவியாகவே கருதப்படவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கி, பாதி நேரம் வேலை செய்து, டிப்ளமோ பெறும் பயிற்சியாளர்தான்.

அதை உடைத்தது வேலூர். அங்கே மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் தொடங்கிய நர்சிங் பள்ளி, 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் டெல்லியிலும் ஒரு நர்சிங் கல்லூரி திறந்தது. அது இப்போது ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் உள்ளது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவரான அவர் ஜோசப் போரின் சுகாதாரக் குழுவிலும் உறுப்பினர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற எண்ணை எழுதிய குழுவில் இருந்தவரே நர்சிங்குக்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் தலைமையிலும் இருந்தார் என்பது தமிழ்நாட்டு நர்சிங்குக்கு வாய்த்த நல்ல காலம். கல்விப் பேரவைகளில் ‘கட்டுப் போடுவதற்கு எதற்குப் பட்டம்’ என்று கேட்பவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடிந்திருக்கும்.

படை தன் சொந்தப் பட்டப்படிப்பைத் தொடங்க இன்னும் பதினெட்டு ஆண்டு ஆனது. புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-இல் நிறுவப்பட்டு, 1962-இல் எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 1964-இல் அதன் நர்சிங் கல்லூரி வந்தது. இதே 1964-இல் அமெரிக்க ராணுவம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வால்டர் ரீட் ராணுவ நர்சிங் நிறுவனத்தைத் தொடங்கியது. செலவை ராணுவம் ஏற்கும், பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும், படித்தவர் படையில் பணி செய்ய வேண்டும் என்ற திட்டம் புனேயைப் போன்றதே. அமெரிக்க நிறுவனம் 1978-இல் மூடப்பட்டது. எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் நர்சிங் படிக்கலாம், அங்கேயே உள்ள ஆர்.ஓ.டி.சி. என்ற அதிகாரிப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து பட்டத்தோடு கமிஷன் பெறலாம் என்ற வழியை அமெரிக்கா தேர்ந்தெடுத்தது. பெண்களுக்கு ஆர்.ஓ.டி.சி. 1970-களின் தொடக்கத்தில் திறந்துவிடப்பட்டது இதற்கு வசதியானது. இந்தியா அந்தப் பக்கம் போகவில்லை, என்.சி.சி.யையும் நர்சிங்கையும் இணைக்க முயலாமல், படையின் பெரிய மருத்துவமனைகளுக்குள்ளேயே கல்லூரிகளை வைத்துக்கொண்டது. இலங்கையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் நர்சிங் பட்டப்படிப்பை நடத்துகிறது. அங்கே பல்கலைக்கழகமே பாதுகாப்புத் துறையினுடையது.

எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது எளிதில்லை. அமெரிக்க முறையில் மாணவி ஊர்க் கல்லூரியில், மற்றத் துறை மாணவர்களோடு சேர்ந்து படிக்கிறாள். ராணுவ வார்டைப் பின்னால்தான் பார்க்கிறாள். இந்திய முறையில் முதலாண்டிலிருந்தே சிப்பாயின் படுக்கையருகில் நிற்கிறாள். வெளியுலகத்து நர்சிங் எப்படி மாறுகிறது என்பது கொஞ்சம் தள்ளியே தெரிகிறது. வார்டுக்கு அருகில் வைத்துக் கற்பித்த முறையே நல்ல செவிலியரைத் தந்திருக்கிறது என்பது இக்கட்டுரையாசிரியரின் சார்பு.

புனேக்குப் பிறகும் வெகுகாலம் படையின் மற்ற நர்சிங் பள்ளிகள் மூன்றாண்டு டிப்ளமோவையே தந்துகொண்டிருந்தன. அவை ஒவ்வொன்றாகக் கல்லூரிகளாக உயர்த்தப்பட்டன. இதற்கிடையே, 1976 ஆகஸ்டில் கெர்ட்ரூட் அலிஸ் ராம் மேஜர் ஜெனரலானார். இந்தியப் படைகளில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண் ஒரு செவிலியர். மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாக நுழைய அதன்பின் பதினாறு ஆண்டு ஆயிற்று.

நீதிமன்றத்தில்

1943-இன் சொற்கள் பின்னால் வந்து முட்டின. செவிலியர் அதிகாரிக்கு லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்ற அதே பெயர்கள், ஆனால் துணைப்படை. ஏழாவது ஊதியக் குழுவின்படி மற்ற அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய் ராணுவச் சேவை ஊதியம், செவிலியர் அதிகாரிக்கு 10,800. இப்பிரிவைத் தனி வகையாகக் கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் ஏற்றுக்கொண்டது.

கல்யாணம் செய்துகொண்டதற்காக வேலை போன கதையும் உண்டு. 1977-இன் ராணுவ உத்தரவு ஒன்று செவிலியர் அதிகாரி திருமணம் செய்தால் பணியிலிருந்து விடுவிக்க இடம் கொடுத்தது. அப்படி 1988-இல் விடுவிக்கப்பட்ட ஒரு லெப்டினன்ட் வழக்காடினார். அவர் மணந்தது ராணுவ அதிகாரி ஒருவரை. மாப்பிள்ளை பணியில் நீடித்தார், மணப்பெண் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த உத்தரவு 1995-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி வெளிப்படையான பாலினப் பாகுபாடு என்று கூறி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைக்க முப்பத்தாறு ஆண்டு.

அதே 2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த வழக்கில் தீர்ப்பளித்தது. நர்சிங் படித்த ஆண் ஏன் இப்பிரிவில் சேரக் கூடாது என்பது கேள்வி. பெண்ணாக இருந்தால் மட்டும் சேரலாம் என்று 1943 சட்டத்தின் ஆறாம் பிரிவில் இருந்த சொற்கள் அரசியலமைப்புக்கு முரண் என்றது நீதிமன்றம். அமெரிக்கப் படை ஆண் நர்ஸ்களுக்கு 1955-இலேயே கமிஷன் கொடுத்துவிட்டது. பிரிட்டிஷ் படைச் செவிலியர் பிரிவு 1992-இல் ஆண்களைச் சேர்த்தது. தமிழ்நாட்டில் ஆண்களும் பி.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறார்கள் என்பதால் இந்தத் தீர்ப்பின் போக்கு இங்கே பலரும் கவனிக்க வேண்டியது.

இன்றைய படிப்பு

படையின் நர்சிங் கல்லூரிகள் ஆறு. புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, மும்பை அஸ்வினி கடற்படை மருத்துவமனை, டெல்லி ராணுவ மருத்துவமனை, கொல்கத்தா, லக்னோ கமாண்ட் மருத்துவமனைகள், பெங்களூர் விமானப்படை கமாண்ட் மருத்துவமனை. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 220 இடங்கள். பட்டத்தை அந்தந்த மாநிலத்துப் பல்கலைக்கழகமே தருகிறது. புனேக்கும் மும்பைக்கும் மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், பெங்களூருக்கு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை. கோட்டை ஆஸ்பத்திரியும், முதல் நர்சிங் பள்ளியும், வேலூரின் பட்டப்படிப்பும் கண்ட மாநிலத்துப் பெண், படை நர்சிங் படிக்க வேண்டுமானால் குறைந்தது பெங்களூருக்காவது ரயில் ஏற வேண்டும். பரங்கிமலையை ஒட்டி 1963 முதல் அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கிறது; 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். செவிலியர் மாணவிகள் அங்கே போவதில்லை. அவர்களுக்குக் கல்லூரியும் வார்டும்தான் அகாடமி.

சேர்வதற்கு 17 முதல் 25 வயது. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து முதல் முயற்சியிலேயே பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேறியிருக்க வேண்டும். திருமணமாகாதவர்கள் விண்ணப்பிக்கலாம், குடும்பப் பொறுப்பில்லாத விதவைகளுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் இடமுண்டு. 2022 முதல் நீட் மதிப்பெண் கட்டாயம். அதன்பிறகு பொது அறிவுத்திறனும் பொது ஆங்கிலமும் சோதிக்கும் கணினித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. டாக்டராக நினைத்து நீட் எழுதியவர்களுக்கு மட்டும் தெரிந்த கதவாகப் படை நர்சிங் மாறிவிட்டதன் விளைவு, நர்ஸாகவே விரும்பும் மாணவி இந்த வாய்ப்பைத் தெரிந்துகொள்ளும் முன்பே கெடு முடிந்துவிடுவது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் காமராஜர் துறைமுகத்திலும் ஒப்பந்த வேலை பார்ப்பவர் வீட்டுப் பெண்ணுக்கு இதை யார் சொல்வது என்பதே முதல் தடை, மதிப்பெண் இரண்டாவது.

சேர்ந்துவிட்டால் வீட்டுக்குச் செலவு குறைவு. தங்குமிடம், சாப்பாடு, சீருடைப்படி, மாத உதவித்தொகை எல்லாம் படை கொடுக்கிறது. பதிலுக்கு, படிப்பு முடிந்து குறைந்தது ஐந்தாண்டு பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். நடுவில் விட்டுப் போனால் பணம் கட்ட வேண்டியிருக்கும். மாணவிக்கு நர்சிங் கேடட் என்று பெயர். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், அறுவைச் செவிலியம், மனநலம், குழந்தை நலம், சமூக நலம் என்று பாடத்திட்டம் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்ததே. வெளியில் படிப்பவருக்கும் அதேதான். வேறுபாடு காலையில் தொடங்குகிறது. உடற்பயிற்சியும் டிரில்லும் முடித்துவிட்டு வார்டுக்குப் போக வேண்டும். அங்கே படுத்திருப்பவர் பனிக்கடி பட்ட சிப்பாயாக இருக்கலாம், கண்ணிவெடியில் காலிழந்தவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற சுபேதாரின் மனைவியாகவும் இருக்கலாம். எந்தப் பதவியில் இருந்தாலும் நோயாளிகள் கூப்பிடுவது ‘சிஸ்டர்’ என்றுதான். தோளில் இருக்கும் நட்சத்திரங்களை அவர்கள் எண்ணுவதில்லை.

போர்ச் சட்டமும் அவர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி மருத்துவப் பணியாளர் தாக்கப்படக் கூடாதவர். தன்னையும் தன் பொறுப்பிலுள்ள நோயாளிகளையும் காக்க மட்டும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. காயம்பட்டு வருபவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பார்க்காமல், யாருக்கு அவசரம் என்று பார்த்தே கவனிக்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் வரும்போது இவரை முதலில், இவரைப் பிறகு, இவரைத் தொட்டும் பயனில்லை என்று பிரிப்பது இந்தப் பணியின் மிகக் கடினமான பகுதி. பல்கலைக்கழக வினாத்தாளில் அதற்கு மதிப்பெண் போடலாம். கையில் வருவதற்கு வார்டில்தான் நாள் பிடிக்கும்.

நான்காண்டு முடிவில் உறுதிமொழி, கமிஷன், லெப்டினன்ட் பதவி. பிறகு எங்கே போட்டாலும் போக வேண்டும்: வெலிங்டனாக இருக்கலாம், லேவாக இருக்கலாம், சென்னை ராணுவ மருத்துவமனையாகவும் இருக்கலாம். மேலே போனால் மேட்ரன், பிரின்சிபல் மேட்ரன் பொறுப்புகள். இப்பணியில் கேரளத்துப் பெண்களின் பங்கு நெடுங்காலமாகவே பெரியது. அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராணுவ நர்ஸ் அக்கா விண்ணப்பப் படிவத்தைப் பற்றிச் சொல்ல இருந்தார் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது வாசல் வடசென்னைக்கு இன்னும் பக்கம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு செய்த பெண், 21 முதல் 35 வயதுக்குள் குறுகியகாலக் கமிஷனுக்குத் தேர்வெழுதலாம், நீட் தேவையில்லை. 2024 ஜனவரியில் இத்தேர்வைத் தேசியத் தேர்வு முகமை கணினி வழியில் நடத்தியது. நர்சிங் பாடம், ஆங்கிலம், பொது அறிவுத்திறன் ஆகியவற்றிலிருந்தே கேள்விகள். இந்த வழியில் வருபவர் படையின் செலவில் படித்தவர் அல்லர் என்பதால் கல்லூரி ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. நேர்முகத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் முதல் நாளே லெப்டினன்ட்.